பச்சைக் கோடு தெரிந்தால் உலையை நிறுத்து

கரிப்புகை வாசனைக்கு நடுவே நெட்டுக்குத்தாக நின்ற அந்தப் பச்சைக் கோடு... கண்ணை மூடினால் இன்றும் தெரிகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஒன்பதாவது படித்தேன். ஓசூரில் எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், பெங்களூரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. இருட்டியதும் அதன் கூரையிலிருந்து பச்சை லேசர் ஒளி கோடாக வானத்துக்குக் கிளம்பும். அந்த ஒளிக்குள்ளே தூசிகள் மினுமினுக்கும். அப்படி ஒரு அழகு!

ஆனால் தெருவே பயந்து கிடந்தது. அப்பா இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியில் உலை ஆள். வேன்காரர்கள் புகையை அளக்கிறார்கள், கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று பேச்சு. மூடினால் சொந்த ஊரான ராயக்கோட்டைக்குத் திரும்பித் தக்காளி பறிக்க வேண்டியதுதான். என் படிப்பும் அதோடு சரி. போர்வைக்குள் சத்தமில்லாமல் அழுவேன்.

நைட் ஷிப்ட் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பச்சைக் கோடு தெரிந்ததும் உலைக்குக் காற்றடிக்கும் ப்ளோயரை நிறுத்திவிடுவது. புகை அடங்கும்... உள்ளே உருகிய இரும்பும் உறைந்துவிடும். காலையில் சம்மட்டியால் உடைத்தெடுப்பார்கள்.

"இப்டியே போனா அவங்க எதுக்கு மூடணும்? நாமளே மூடிருவோம்" என்றார் பக்கத்து வீட்டு முனியப்பா மாமா.

கடைசியில் அவரும் அப்பாவும் வேனுக்கே போனார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். உள்ளே இளவயது மேடம் ஒருவர்.

"மேடம், உள்ளதச் சொல்லிருங்க. கம்பெனிய மூடப் போறீங்களா?" என்றார் அப்பா.

"அய்யோ, மூடறதுக்கு நாங்க யாருங்க?" என்று சிரித்தார் மேடம். கன்னட வாடை அடித்த தமிழ். "ஒளிய மேல அனுப்பறோம். தூசில பட்டுத் திரும்பி வர்றத டெலஸ்கோப்ல பிடிக்கறோம். எவ்ளோ லேட்டா வருதோ, அவ்ளோ உயரம்."

திரையில் ஒரு வளைகோடு. அதன் மேல்பக்கம் இருந்த புடைப்பைத் தொட்டுக் காட்டினார். "இது கடல் தாண்டி எங்கயோ வெடிச்ச எரிமலையோட தூசி. விமானம் பறக்கறதுக்கும் மேல. ஓசோன அளக்கக் கண்ணுக்குத் தெரியாத வேற ஒளி போகுது."

எரிமலைத் தூசி... எங்கள் மைதானத்துக்கு மேலே! எனக்குப் புல்லரித்தது.

"நம்ம புகை எங்க மேடம்?" என்றார் மாமா.

"தோ, அடியில. அது எங்க கணக்குலயே வராது."

"தூ... இம்புட்டுதானா! இதுக்கா இரும்ப உடைச்சோம்?" என்றார் மாமா.

அப்பா என் தலையில் கைவைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் இரவு, பச்சைக் கோட்டுக்குக் கீழேயே ப்ளோயர் இரைந்தது. அந்த இரைச்சலில்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ஃபோனே சொல்கிறது. பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம்... உலையை நிறுத்த யாரும் ஓடுவதில்லை.