டேட்டா2

எங்கள் அலுவலகத்தில் என் சீனியர் ஒருவருக்குப் பேர்க்காரர் என்று பட்டப்பெயர். மருத்துவமனைகளின் கணினிகள் நோயாளியின் விவரங்களை எங்களுக்கு அனுப்பும். வார்டு நர்சின் திரையில் அவற்றைக் காட்டுவது எங்கள் வேலை. ஒவ்வொரு விவரத்தின் தலையிலும் ஒரு பெயர் இருக்கும். மருத்துவமனை புரோகிராமர்கள் அதைப் பார்த்துத்தான் எதில் எதைப் போடுவது என்று தெரிந்துகொள்வார்கள். அந்தப் பெயர்களுக்காக மனுஷன் மல்லுக்கு நிற்பார். நான் 'தேதி' என்று எழுதினால், "எந்தத் தேதிம்மா? பொறந்ததா, அட்மிட் ஆனதா?" என்று திருப்பி அனுப்புவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பேர் வச்சீங்களே, சோறு வச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன்.

அவரும் ஒரு முறை சறுக்கினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பட்டியலை உடனே சேர்க்கச் சொல்லி மேனேஜர் உயிரை எடுத்தார். இவர் ஒரு தாளில் மூன்று பெயர் எழுதினார். எதிலும் திருப்தி இல்லை, மூன்றையும் அடித்தார். கடைசியில், "திங்கக்கிழமை நல்லதா யோசிச்சு மாத்திக்கிறேன்" என்று 'டேட்டா2' என்று போட்டுவிட்டுப் போனார். ஊருக்குத்தான் உபதேசம் என்று நான் சிரித்தேன். திங்கள் வருவதற்குள் நாற்பது மருத்துவமனைகள் அந்தப் பெயரிலேயே பட்டியலை அனுப்பத் தொடங்கிவிட்டன. வெளியார் கைக்குப் போன பெயரை மாற்றினால் அவர்கள் புரோகிராமையும் மாற்ற வேண்டும். பெயரை மாற்றச் சொல்லி இவர் வருஷம் தவறாமல் கேட்பார். "ஓடுற வண்டிய ஏங்க நிறுத்தணும்?" என்பார் மேனேஜர்.

போன மாதம் ஒரு மருத்துவமனை தன் புரோகிராமைப் புதிதாக எழுதியது. எழுதியவர்களுக்கு டேட்டா2 என்னவென்று விளங்கவில்லை. அதை நிரப்புவது கட்டாயம் இல்லை என்பதால் காலியாகவே அனுப்பினார்கள். அங்கேதான் பேர்க்காரருடைய அக்கா காலில் புண்ணோடு சேர்ந்தார். பெற்றவர்கள் போனபின் இவரைப் படிக்க வைத்த அக்கா. அந்த அக்காவுக்கு ஓர் ஊசி மருந்து அறவே ஆகாது.

"சொல்லிட்டியாக்கா?" என்று இவர் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டது என் காதில் விழுந்தது.

"எல்லாம் சொல்லிட்டேன்டா. அட்மிஷன்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிச்சு. நீ வேலையப் பாரு."

வார்டு திரையில் அந்த இடம் காலியாக இருந்தது. நர்ஸ் அதே ஊசியைப் போட்டார். அக்கா நாலு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார். நான் போனபோது இவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். மருத்துவமனை அனுப்பிய விவரங்களைக் காட்டினார். பெயர், வயது, அறை எண் எல்லாம் சரி. டேட்டா2க்கு எதிரே ஒன்றுமில்லை.

"இது நான் வச்ச பேரும்மா" என்றார். இத்தனை வருஷம் கேலி செய்த நான் லேப்டாப்பை வாங்கி மூடி வைத்தேன். ஐந்தாம் நாள் காலை அக்கா போய்விட்டார்.

பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தார். பெயரை மாற்ற மேலிடமே அனுமதி தந்திருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! அவர் 'ஒத்துக்கொள்ளாத மருந்துகள்' என்று டைப் செய்தார். அந்த வெள்ளிக்கிழமை தாளில் முதலில் எழுதி அடித்த அதே பெயர். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மேனேஜர் பின்னால் நின்று படித்தார். "தெளிவா இருக்குங்க. இதை அன்னிக்கே வச்சிருக்கலாமே?"

"வச்சிருக்கலாம் சார்" என்றார் அவர்.