மாடிப்படிக்கு அடியில் ஒரு சைக்கிள்

மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பனியன் துணியின் நெடிதான் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் காலை. தில்லி கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எங்கள் தரைத்தள வீட்டுக்கு முன்னால் அப்பா மூன்று சைக்கிள்களையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் சங்கிலியையும் துடைப்பார். அவர் அலுவலகம் போகும் உயரமான கறுப்பு வண்டி, அண்ணனின் கியர் வைத்த நீல வண்டி, முன்னால் கூடை மாட்டிய என் சிவப்பு வண்டி. அந்தச் சிவப்பு வண்டியில்தான் நான் பக்கத்து பிளாக் மீனாவோடு, சரோஜினி நகர் உள்தெருக்கள் வழியாக, மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்குப் போய்வந்தேன். எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள். பக்கம் பக்கமாக ஓட்டும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பதால், வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் அந்த அரைமணி நேரத்தில் சொல்லிக்கொள்வோம்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பாவின் பார்வை மங்கத் தொடங்கியது. கோப்புகளைப் படிக்க முடியாமல் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். அதற்குச் சில மாதம் முன்புதான், கல்லூரியைப் பாதியில் விட்ட அண்ணன் அவரோடு சண்டை போட்டுவிட்டு பம்பாய்க்குப் போயிருந்தான். கடிதமும் இல்லை, போனும் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிவந்தது. பென்ஷனுக்குள் அடங்கியது கோட்லாவில் ஒரு "பர்சாத்தி", மொட்டைமாடியில் கட்டிய ஒற்றை அறை. வீட்டுக்கார அம்மாள் மாடிப்படிக்கு அடியில் இருந்த இடுக்கைக் காட்டி ஒரு விரலை நீட்டினாள். "ஏக் சைக்கிள். ஏக் ஹி." ஒரே ஒரு சைக்கிள்தான் நிறுத்தலாம்.

சாமான் கட்டிக்கொண்டிருந்த அன்று அப்பா பேச்சை எடுத்தார்.

"என்னுது போவட்டும். கண்ணு தெரியாதவனுக்கு வண்டி எதுக்கு? பெரியவன் வண்டியும் போவட்டும். பிள்ளை ஸ்கூலுக்குப் போவணும்லா."

அம்மா நிமிரவில்லை. "அவன் வந்து கேட்டாம்னா நான் என்ன சொல்லுவேன்?"

"வரமாட்டாம்ட்டி."

அம்மா அழவில்லை. ஏற்கெனவே சுற்றி வைத்திருந்த தம்ளரைப் பிரித்து மறுபடியும் செய்தித்தாளில் சுற்றினாள், மறுபடியும் பிரித்தாள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணன் வண்டியே இருக்கட்டும்மா. நான் பஸ்ல போயிக்கிடுதேன்" என்றேன்.

அம்மா என்னை ஒருமுறை பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்துபோய் நீல வண்டியின் சீட்டை முந்தானையால் துடைத்தாள்.

கறுப்பும் சிவப்பும் பழைய சாமான் வாங்கும் "கபாடிவாலா"வின் தள்ளுவண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போயின. நீல வண்டியில் எனக்குக் கால் எட்டவில்லை. பஸ்ஸில் நான் போய்ச் சேரும்போது மணி அடித்திருக்கும். மீனா வேறு வகுப்பு; திரும்பும்போது அவள் கிளம்பிப் போயிருப்பாள். ஒருநாள் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு பெண் ஓட்டிக்கொண்டு வந்தாள். மீனா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் தட்டினேன், அவளுக்குக் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம் அண்ணன் வந்தான். மாடிப்படி ஏறத் திரும்பும்போது நீல வண்டியில் முழங்காலை இடித்துக்கொண்டு, "அட, இதை இன்னும் விக்கலியா?" என்று சிரித்தான். அப்பா அவன் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டேயிருந்தார். மறுநாள் காலை தெருவில் போன கபாடிவாலாவை அண்ணனே கூப்பிட்டு வண்டியைக் கொடுத்துவிட்டான். "சும்மா இடத்தை அடைக்குதும்மா" என்றான். அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். நான் பள்ளிப் பையைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் கடைசிவரை பேசவில்லை.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அண்ணன் பூனாவில் இருக்கிறான். தீபாவளிக்குப் போன் செய்வான். தில்லியில் மிஞ்சியிருப்பது நான் மட்டும். போன மாதம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளமும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு கிட்வாய் நகர் வரை நடந்தேன். குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. வாசலில் காவலாளி எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று இந்தியில் கேட்டான். வாய் தவறி எங்கள் பழைய வீட்டு எண்ணைச் சொல்லிவிட்டேன். அவன் பதிவேட்டைப் பொறுமையாக இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு வீடு இங்கே இல்லையே, மேடம்" என்றான்.