நெற்றியில் ஒட்டிய காசு

வேங்கிக்காலில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். போன அக்டோபரில் கல்லூரி மாணவி திவ்யா, ஹாலோவீன் வேஷப் போட்டிக்கு மேக்கப் போட வந்தாள். ரத்தக்காட்டேரி வேண்டுமாம்.

"அது எல்லாரும் போடறதுதாம்மா. நம்மூர் பொணம் மாதிரி போட்டுடலாம்" என்று நான்தான் சொன்னேன்.

முகத்தில் மஞ்சள் பூசி, மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணி கட்டி, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டினேன். கண்ணை மூடச் சொல்லிப் படம் எடுத்து, என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். என் கைவேலை எனக்கே அவ்வளவு பிடித்துவிட்டது. எங்கள் பக்கம் சாவுச் செய்தியும் ஸ்டேட்டஸில்தான் வரும் என்பது தோன்றவே இல்லை.

என்னிடம் வழக்கமாக வரும் அவள் அத்தை அதைப் பார்த்து, நிஜமென்று நினைத்து ஊருக்குச் சொல்லியிருக்கிறாள். திவ்யா மேடை ஏறுவதற்காகத் தன் போனை அணைத்து வைத்திருந்தாள். ஃபேஷியல் செய்துகொண்டிருந்த என் போனும் சைலண்டில் கிடந்தது.

மத்தியானம் அவள் ஊர் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு இறங்கினார்கள். பின்னால் மாலையோடு அவள் அப்பா.

"பாப்பாவ எங்கம்மா வெச்சிருக்கீங்க?"

வேஷம் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. கல்லூரிக்கு ஆட்டோ அனுப்பி திவ்யாவை வரவழைத்தேன். அதே கோலத்தில் வந்து இறங்கினாள். அப்பா தாடைக் கட்டை அவிழ்த்தார்.

"எதனா பேசும்மா."

அவர்கள் போன பிறகு, மணப்பெண்களை உட்கார வைக்கும் என் நாற்காலியில் அந்த மாலை கிடந்தது. பார்க்கிறவர்கள் பயப்படட்டும் என்றுதான் செய்தேன். அவள் அப்பாவோ அதை நம்பி, வழியில் வேனை நிறுத்தி, மகளுக்கு மாலை வாங்கியிருக்கிறார்.