வெந்நீர் வந்த வழி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை மாதக் கடைசி முகூர்த்தத்தில், நாமக்கல் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அயோத்தியாப்பட்டணத்தில் சொந்த வீட்டுக்குக் குடிவந்தோம். நான் ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறேன். கணவருக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. அவரும் சேலத்துப் பக்கமே வேலையை மாற்றிக்கொண்டதால், தேடித் தேடி இந்த வீட்டை வாங்கினோம்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய இரட்டை வீடு அது. நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே மொட்டை மாடி, மாடிப்படி மட்டும் எங்கள் பக்கம். அண்ணன் பாகத்தை நாங்கள் வாங்கினோம். தம்பி வாழப்பாடியில் பாக்கு வியாபாரம் செய்கிறார். அவருடைய பாகத்தில் ஒரு கிறிஸ்தவத் தம்பதி வாடகைக்கு இருந்தார்கள்.

எங்கள் பாகத்தோடு மாடியில் ஒரு பழைய சோலார் ஹீட்டரும் வந்தது. ஹீட்டர் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். கண்ணாடிக் குழாய்கள் பாதிக்கு மேல் உடைந்து, டேங்க் அடியில் துருவேறிப் பொத்தல் விழுந்து, பல வருடமாக வெறும் தகரமாக நின்றிருந்தது. அதை இறக்கிவிட்டு வேறு என்ன வைப்பது என்பதில் வீட்டில் ஒரு சட்டசபையே நடந்தது.

"கீசர் போட்டுக்கலாம் அம்மிணி. சுவிட்சைப் போட்டமா, குளிச்சமா, கிளம்பினமான்னு இருக்கோணும்" என்றார் கணவர். நாமக்கல்லில் போர்வெல் தண்ணீரின் உப்பில் எங்கள் கீசர் கம்பி சுண்ணாம்புக் கட்டியாகிப் போய், வருடா வருடம் மாற்றியதை அவர் வசதியாக மறந்துவிட்டார். திருச்செங்கோட்டிலிருந்து என் நாத்தனார் போன் செய்து, தன் வீட்டுச் செம்பு பாய்லரைத் தேங்காய் மட்டையோடு சேர்த்து அனுப்பி வைப்பதாகச் சொன்னார். எனக்கோ சோலார்தான். நம் ஊர் வெயிலில் வடகம் காய்வதோடு சரியா, தண்ணீரும் காயட்டுமே என்று பிடித்த பிடியில் நின்றேன். கடை கடையாக ஏறி இறங்கி, உப்புத் தண்ணீர் தாங்கும் டேங்காகப் பார்த்து நானே தேர்ந்தெடுத்தேன். மாட்ட வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பழைய பைப் லைன் நல்லாத்தான் இருக்குதுங்க, அதுலயே குடுத்துடறேன்" என்றார். சுவரை உடைக்க வேண்டாம் என்றதில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அன்று மாலை குழாயைத் திறந்தால் ஆவி பறந்தது. நான் தெருவே கேட்கும்படி கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

என் சந்தோஷம் கிருகப்பிரவேசத்துக்கு மறுநாள் காலை வரைக்கும்தான். இரவு தங்கிய நாத்தனார், எழுந்ததும் முதல் ஆளாகத் தலைக்குக் குளிக்கப் போனார். சீயக்காய் தேய்த்த தலையோடு பாதியில் கதவைத் திறந்து, "ஏனம்மிணி, இது சுடுதண்ணிக் குழாயா, கெணத்துத் தண்ணிக் குழாயா?" என்று நடுங்கிக்கொண்டே கேட்டார். ஓடிப்போய் அடுப்பில் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். ஊருக்குப் போகும் வரை அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதன்பிறகு தினமும் இதே கதை. மாலையில் கொதிக்கிற தண்ணீர் விடிந்தால் காணாமல் போய்விடும். எனக்கு ஒரு வாளி வந்தால் கணவருக்கு வராது. "சூரிய பகவான் இன்னைக்கும் லீவாம்மா?" என்று கேட்டபடியே அவர் துண்டோடு வந்து நிற்பார். எனக்கு வருகிற ஆத்திரத்தில் அவர் தலையிலேயே பச்சைத் தண்ணீரை ஊற்றலாம் போல இருக்கும். கம்பெனிக்குப் போன் செய்து சண்டை போட்டேன். ஆள் வந்து டேங்கை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குறை ஒண்ணுமே இல்லீங்க. நீங்கதான் அதிகமாப் புழங்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். புழங்கினால்தானே அதிகமும் குறைவும்!

இந்தக் கடுப்பில் இருந்த ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டுப் பெண் வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அவர் கணவர் வேன் ஓட்டுபவர். ஒரு விபத்தில் கால் எலும்பு உடைந்து, பிளேட் வைத்து, வீட்டோடு இருந்தார். நாங்கள் ஹீட்டர் மாட்டிய அன்று இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததால், எங்கள் வீட்டு வேலை எதையும் அவர்கள் பார்க்கவில்லை.

"அக்கா, ஒரே நிமிசம் வாங்களேன். எங்க வீட்டுல ஒரு அதிசயம் காட்டறேன்."

நேராகக் குளியலறைக்கே அழைத்துப் போனார். இடது பக்கக் குழாயைத் திறந்து, "கையை வைங்கக்கா" என்றார். வைத்தேன். சுட்டது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

"நாங்க குடிவந்த நாள்லேருந்து இந்தக் குழாயில ஒரு சொட்டுத் தண்ணி வந்ததில்லக்கா. எத்தனை தடவை ஹவுஸ் ஓனருக்குப் போன் பண்ணியிருப்பேன்! எடுக்கவே மாட்டாரு. இப்பப் பாருங்க, சொல்லாம கொள்ளாம சரி பண்ணி விட்டுட்டாரு. நல்ல மனுசன்க்கா, நாந்தான் அவரைத் தப்பா நெனைச்சுட்டேன்."

அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் கன்றிப்போன பெரிய தழும்பு ஒன்று இருந்தது. கணவரின் காலுக்கு தினமும் ஒத்தடம் கொடுக்க வேண்டும். அடுப்பிலிருந்து குண்டாவைத் தூக்கி வரும்போது ஒருநாள் கை நழுவிக் கொட்டிவிட்டதாம். ஹாலில் அவர் கணவர் வெந்நீர் பேசினில் காலை வைத்துக்கொண்டு, "வாங்கக்கா, இனி எங்க வீட்டுலயும் வசதிதான்" என்று சிரித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சலும். அவர்கள் ஓனர் சரி பண்ணிய ஏதோ ஒரு பழைய ஹீட்டர் இப்படிக் கொதிக்கிறது, நான் பார்த்துப் பார்த்து வாங்கிய புதுசு பல்லிளிக்கிறதே என்று.

வீட்டுக்கு வந்ததும், அப்படி என்ன கம்பெனி என்று பார்த்துவிடலாம் என மாடிக்கு ஏறினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். மாடியில் ஒரே ஒரு ஹீட்டர்தான் இருந்தது. என்னுடையது.

அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் தம்பி ஒன்றாக இருந்தபோது இரண்டு வீட்டுக்கும் ஒரே லைன் இழுத்திருக்கிறார்கள். சுவருக்குள்ளே போகிற குழாய் யார் கண்ணுக்குத் தெரியும்? விடிவதற்கு முன்பே அந்தப் பெண் எழுந்து ஒத்தடம், குளியல், பாத்திரம் என்று வாளி வாளியாகப் பிடிக்க, மிச்சம்தான் எனக்கு. நாத்தனார் சிரிப்பு, கணவர் நக்கல் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. பிளம்பருக்குப் போன் போட்டேன். "அந்தப் பக்கம் போற லைனை அடைச்சா முடிஞ்சுதுங்க, நாளைக்கு வாரேன்" என்றார்.

அடைப்பதற்கு முன் சொல்லிவிடுவதுதானே முறை? மறுபடி பக்கத்து வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்ததும் கணவர் கேட்டார்.

"சொல்லிட்டியா?"

"இல்லீங்க."

"அப்புறம் இவ்வளவு நேரம் என்ன பண்ணின?"

"அடை சாப்பிட்டேன். ரெண்டு."

அந்தத் தழும்பையும் பேசினையும் நான் சொல்லி முடித்ததும், "சாயங்காலமாக் குளிச்சா நமக்கு உடம்புல ஒட்டாதா என்ன?" என்றார். பிளம்பரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து நாங்கள் வேலை முடிந்து வந்து குளிக்க ஆரம்பித்தோம். கீசர் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை. இவரைக் கட்டிக்கொண்டது வீண்போகவில்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

ஆனால் என்றைக்காவது உண்மை தெரியத்தானே வேண்டும்? அதை எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாழப்பாடித் தம்பிதான் அவர். மாடியைப் பார்க்கலாமா என்று கேட்டு ஏறிப்போனார். போன வேகத்திலேயே இறங்கி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"உங்க டேங்க்லேருந்துதான் அந்த வீட்டுக்கு வெந்நீர் போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா விட்டு வெச்சிருக்கீங்க?" என்று என்னையே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "இதைக் கொஞ்சம் கேளுங்க."

பக்கத்து வீட்டுப் பெண் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். போனை எடுக்காத மனிதருக்கு வேறு எப்படி நன்றி சொல்வது? "சார், நாங்க கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தோம். எங்க கஷ்டத்தை மனசுல வெச்சு நீங்களா வெந்நீர் வர வெச்சுக் குடுத்திருக்கீங்க. நீங்களும் உங்க குடும்பமும் நல்லா இருக்கணும் சார்." பின்னால், "நானும் சொன்னேன்னு சொல்லு" என்று அவர் கணவர் குரல்.

"குடித்தனக்காரங்க போன்னாலே நான் எடுக்கறதில்லீங்க. ஒழுகுது, உடைஞ்சுது, இதுதானே வரும்? முத முதலா ஒருத்தங்க நல்லா இருன்னு அனுப்பியிருக்காங்க. நான் ஒண்ணும் செய்யாம வெந்நீர் எப்படி வந்துச்சுன்னே வெளங்கல. என் சம்சாரம் கேட்டுட்டு, இது உங்களுக்குத்தான் வந்துச்சா, நம்பர் மாறி வந்துச்சான்னு கேக்கறா." அவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை. "ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போட்டுக் கேக்கறேன். நான் செய்யலைன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லணும்னுதான் வந்தேன். வாய் வரமாட்டேங்குது."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. காபி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர், சட்டென்று கேட்டார்.

"நீங்க போட்டிருக்கீங்களே, அது எந்தக் கம்பெனிங்க? நல்லா உழைக்குமா?"

அந்தக் கேள்விக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன்! சமையலறையிலிருந்த கணவருக்குக் கேட்கும்படி, கண்ணாடிக் குழாயில் தொடங்கி உப்புத் தண்ணீர் டேங்க் வரைக்கும் ஒன்று விடாமல் விளக்கினேன்.

அடுத்த ஞாயிறே அவருடைய பங்கு மாடிக்குப் புது ஹீட்டர் வந்து இறங்கியது. தனி லைன் இழுக்க ஆளும் வந்துவிட்டார். சத்தம் கேட்டு வெளியே வந்த அந்தப் பெண், டேங்க் மேலே ஏறுவதைப் பார்த்துத் திகைத்தார்.

"சார், ஏற்கெனவே ஒண்ணு நல்லா ஓடுதே. எதுக்கு இன்னொண்ணு?"

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். கணவர் மாடியைப் பார்த்தார். கடைசியில் பெரியவரே கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையனைப் போல எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் கண் விரிந்துகொண்டே போனது.

"அக்கா! அப்ப இத்தனை நாளா உங்க தண்ணியிலதான் நான் போர்வையெல்லாம் ஊற வெச்சேனா?"

"போர்வையுமா?" என்றார் என் கணவர்.

அவ்வளவுதான். அந்தப் பெண் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் சிரித்தேன், ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்த அவர் கணவரும் சிரித்தார். பெரியவர் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடம் சொன்னார்:

"சார், நான் மாதா கோயில்ல வெந்நீர் வேணும்னு கேக்கவே இல்ல. நீங்க ஒரு தடவையாவது போனை எடுக்கணும்னுதான் மெழுகுவத்தி ஏத்தினேன்."

"போனை இன்னும் எடுக்கலியேம்மா. அதுக்குள்ள நேராவே வந்துட்டேனே" என்றார் அவர்.

இப்போது மாடியில் இரண்டு ஹீட்டர்கள் அக்கம்பக்கமாக நிற்கின்றன. அந்தப் பெண்ணின் கணவர் மறுபடி வேன் ஓட்டுகிறார். பொங்கலுக்கு வந்த நாத்தனார் ஆசைதீரத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, தன் வீட்டுக்கும் இதையே போடலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். வாழப்பாடிப் பெரியவர் இப்போதெல்லாம் முதல் மணியிலேயே போனை எடுத்துவிடுகிறாராம், ஒழுகுது என்று சொன்னால்கூட.

யாராவது ஒன்றைச் செய்யாமல் இழுத்தடித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது இன்றும் மாறவில்லை. ஆனால் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெரியவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து போனை நீட்டியது கண்ணுக்குள் வந்துவிடுகிறது. எனக்கு வந்திருக்க வேண்டிய நன்றிதான் அது, வழி தவறி அவரிடம் போய்ச் சேர்ந்தது. என்னிடம் வந்திருந்தால் நான் கேட்டுவிட்டு மறந்திருப்பேன். அவரோ அதற்குத் தகுதியான மனிதராகிவிட வேண்டும் என்று வாழப்பாடியிலிருந்து பஸ் ஏறி வந்தார்.