கிரந்தி வந்த கதை

இரண்டு மாதமாக எனக்கு மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. இன்று வீட்டுக்காரி விடாப்பிடியாக எஹலியகொட டவுனில் ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

சோதித்துவிட்டு அவர் சிங்களத்தில், "கிரந்திய லொக்கு வெலா" என்றார். கிரந்தி பெருத்துவிட்டதாம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கிரந்தி என்றால் கண்ட இடத்துக்குப் போய் வந்தவனுக்கு வரும் புண்.

"யாருங்க அவ?" என்றாள் வீட்டுக்காரி.

"சத்தியமா ஒருத்தியும் இல்ல புள்ள!"

விஷயம் புரிந்த டாக்டர் சிரித்துக்கொண்டே படம் வரைந்து காட்டினார். சிங்களத்தில் கிரந்தி என்றால் சுரப்பியாம். இந்தச் சுரப்பி ஆண்களுக்கு மட்டும் மூத்திரப்பைக்குக் கீழே இருக்குமாம். வயது போகப் போக வீங்கி வழியை நெருக்குமாம். மாத்திரை தந்திருக்கிறார்.

மூன்று பிள்ளைகளுக்கு அப்பனாகியும் இப்படியொன்று என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது!

திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரி கேட்டாள்: "அப்புறம் எதுக்குங்க, டாக்டர் கிரந்தின்னதும் உங்களுக்கு அப்படி வேர்த்துச்சு?"

அதற்கு மாத்திரை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.