இரண்டு கணக்கும் முரண்பட்ட பகல்

மகளை அறுக்கப்போகிறார்கள் என்ற பயத்தோடு அந்தப் பகலை ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்தே கழித்தேன். எழுபதுகளின் கடைசி. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். காலையில் மகளுக்கு வலது அடிவயிற்றில் வலி வந்ததும் பதுளைக்குத் தூக்கிவந்தோம். குடல்வால் வீங்கியிருந்தால் உடனே வெட்டியெடுக்க வேண்டும், விட்டால் உள்ளே வெடித்துவிடும் என்றார்கள்.

பார்த்தவர் இளம் டாக்டர். பழைய நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி இரண்டு முறைகள் வைத்திருந்தார். வீட்டார் சொல்லும் ஒவ்வொரு அறிகுறிக்கும் மதிப்புப் போட்டுக் கூட்டுவது ஒன்று. வயிற்றை அமுக்கிப் பார்த்ததையும் இரத்தப் பரிசோதனையையும் வைத்துக் கிளை கிளையாகப் பிரித்துப் போவது மற்றது. தனித்தனியே இரண்டும் தவறும், ஆனால் ஒரே நோயாளியிடம் இரண்டும் சேர்ந்து தவறுவது அபூர்வம். அதனால் சேர்த்தே பார்ப்பேன் என்றார். அன்று முதலாவது வெட்டச் சொன்னது, இரண்டாவது வேண்டாம் என்றது.

“ரெண்டும் சண்ட போடுது மாஸ்டர். எங்கயோ பதில்ல பிழை. திரும்பக் கேப்போம்.”

முதல் தடவை கேட்டபோது நான் பெயர் பதிந்து துண்டுச்சீட்டு எடுக்க வரிசையில் நின்றிருந்தேன். இப்போதுதான் மனைவியின் பதிலைக் கேட்டேன்: இரண்டு நாளாக வலி, வாந்தி, காய்ச்சல். காலையில்தானே வந்தது என்றேன். அவள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். தலையைக் குனிந்துகொண்டாள்.

“கூட்டிச் சொன்னாத்தானே பாப்பாங்க. தோட்டத்துல வெறும் வவுத்து வலின்னு மருந்துக்குப் போனா, பெரட்டுக்குப் போ, பேரக் குடுத்துட்டு வேலையப் பாருன்னு வெரட்டுறாங்க.”

டாக்டர் கோபிக்கவில்லை. “இங்க பெரட்டு இல்லம்மா. உள்ளத மட்டும் சொல்லுங்க.”

வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை. பதில்களைத் திருத்திக் கூட்டியதும் முதல் கணக்கும் இரண்டாவதோடு சேர்ந்துகொண்டது. வெட்டாமல் வார்டில் வைத்து அடிக்கடி அமுக்கிப் பார்த்தார்கள். மறுநாள் காலை வலி இல்லை. மகள் சாப்பிடப் பாணும் சம்பலும் கேட்டாள். வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆனாலும் இன்றுவரை அவள் வயிற்றைப் பிடித்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். அன்று திரும்பும் பஸ்ஸிலேயே அப்படித்தான் குனிந்தாள். எனக்கு முந்தி மனைவி கேட்டாள்.

“வலிக்குதா? கூட்டாமச் சொல்லு.”

“பசிக்குதும்மா.”

“எம்புட்டு?”

மகள் கொஞ்சம் யோசித்தாள். “ஒரு வடைக்கு.”