மாமாவிடம் கோப்பு இருந்த நாட்கள்

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம், எங்கள் அஸ்தினாபுரம் வீட்டுச் சுற்றுச்சுவரில் சிவப்புப் பெயின்டால் 14 என்று எழுதிவிட்டுப் போனார்கள். அது கதவு எண் அல்ல. இடிக்கவேண்டிய வீடுகளின் வரிசை எண். எங்கள் மனை ஏரிப் புறம்போக்கு என்று பழைய பதிவேட்டில் யாரோ ஒரு குமாஸ்தா தவறாக ஏற்றியிருந்தார். அப்பா பத்திரங்களோடு தாலுகா அலுவலகத்துக்கு ஓடினார். அவர்கள் தவறை ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டபின், அரசு வக்கீலின் சட்டக் கருத்து வந்தால்தான் திருத்தி, பட்டா கொடுக்க முடியும் என்றார்கள்.

அப்பா சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார். அந்த அரசு வக்கீல், தாம்பரத்தில் இருந்த எங்கள் மாமா. அப்பாவின் தங்கை கணவர்.

எனக்கு அப்போதே தேதிப் பைத்தியம். கோப்பு யாரிடம் வந்தது, எப்போது போனது, எத்தனை நாள் தங்கியது என்று நோட்டில் கட்டம் போட்டு வைத்தேன். தேதிகளை அப்பா விசாரித்து வந்து சொல்வார். தாலுகா அலுவலகம், 97 நாள்.

கோப்பு மாமாவிடம் போன அன்று சாயங்காலமே அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

“மச்சான், அதுல நான் கருத்து எழுத முடியாது. திருப்பி அனுப்பிட்டேன்” என்றார் மாமா.

“ஏன் மாப்ளே, பேப்பர்ல தப்பு எதனா இருக்கா?”

“ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியா இருக்கு.”

“சரியா இருந்தா எழுதவேண்டியதுதானே!”

“தப்பா இருந்தாலாவது குடுக்காதீங்கன்னு தைரியமா எழுதிடுவேன். சொந்த மச்சானுக்குக் குடுங்கன்னு எப்படி எழுதறது? நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா பட்டாவே போயிடும்.”

“அதுக்கு முன்னாடி வூடே போயிடும் மாப்ளே!”

அத்தை வைத்த காபியை அப்பா தொடவில்லை.

கோப்பு வேறொரு அரசு வக்கீலுக்குப் போனது. அவர் தாய்ப்பத்திரம் கேட்டார், கொடுத்தோம். வில்லங்கச் சான்று கேட்டார், கொடுத்தோம். பிறகு மறுபடியும் தாய்ப்பத்திரம் கேட்டார். தொலைத்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நாங்கள் கொடுக்கவே இல்லை என்றார். 211 நாள். அவர் போய் இன்னொருவர் வந்தார். 164 நாள். தெருவில் மண் அள்ளும் இயந்திரம் திரும்பினாலே அம்மா பத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். “அரசாங்க வக்கீலுக்குப் பொண்ணு குடுத்திருக்கோம்னு வெளிய சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க” என்பாள். நடுவில் வந்த பொங்கலுக்கு அத்தைக்குச் சீர் போகவில்லை. சுவரில் அந்த எண் இருக்கும்வரை போகாது என்றார் அப்பா.

கடைசி வக்கீல் எழுதியது ஒரே வரி: ஆவணங்கள் சரியாக உள்ளன. மாமா காபி ஆறுவதற்குள் சொன்னது.

பட்டா வந்த அன்று நோட்டை அப்பாவிடம் காட்டினேன். மாமாவின் கட்டத்தில் மட்டும் வந்த தேதியும் போன தேதியும் ஒன்று.

“மத்தவங்கல்லாம் நமக்காக மாசக்கணக்குல உழைச்சிருக்காங்கப்பா. மாமா ஒருநாள்கூட ஒதுக்கல” என்றேன்.

அப்பா அந்தக் கட்டத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்ப் பச்சரிசியும் வெல்லமும் ஒரு புடவையும் வாங்கி வந்தார். தாம்பரம் போய்வருவதாக அம்மாவிடம் சொன்னார்.

பொங்கலுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே என்று நான்தான் காலண்டரைக் கொண்டுவந்து காட்டினேன்.